இருளாண்டி ஜீப்பின் ஆனைக்கால்

போடி ஜீப் ஸ்டாண்டில் இருளாண்டி சொல்வதில் பாதியை நம்பலாம் என்று சிலர் சொல்வார்கள். எந்தப் பாதி என்று கேட்டால் முழிப்பார்கள். இருளாண்டியையே கேட்டால், ரெண்டு பாதியும் உண்மைதான், மூன்றாவதாக ஒரு பாதி இருக்கிறது, அதற்கு நேரம் வரவில்லை என்பான்.

அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் தன் ஜீப்பின் மூக்கில் சாய்ந்துகொண்டு வாயே திறக்காமல் நின்றான். காரணம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. நாலு டயர். சாதாரண டயர் இல்லை, ஒவ்வொன்றும் அண்டா மாதிரி.

பதினெட்டு நாளைக்கு முன்னால் மலையைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒரு கூட்டம் பெரிய டயர் போட்ட வண்டியில் ஸ்டாண்டு வழியாகப் போனது. அதைப் பார்த்ததிலிருந்து இருளாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூர் போய் யாரோ கழற்றிப் போட்ட டயர் நாலைச் சக்கரத்தோடு வாங்கி வந்தான். ஸ்டாண்டு முக்கில் டயர்க்கடை வைத்திருக்கும் தவசி, "இந்த வண்டிக்கு இந்த சைசு ஆகாதுண்ணே" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான். இருளாண்டி கேட்கிற ஆளா? மாட்டச் சொன்னான். ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் 'சர்ர்ர்' என்று உரசியது. ரம்பத்தை வாங்கி மட்கார்டை அறுத்தான். அப்போதும் உரசியது. ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்து வண்டியையே தூக்கினான். உரசல் நின்றது, ஜீப்பு ஒரு சாண் உயர்ந்தது, முன்னைப்போல் ரெண்டாவது கியரில் மலை மெட்டு ஏற மாட்டேன் என்றது. ஸ்டாண்டில் அதற்கு 'ஆனைக்கால்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பேர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். போனது அதுவல்ல. போனது ஒச்சம்மாளின் கூட்டம்.

மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் போடியில் கூட்டம் கூட்டமாகத்தான் போவார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவி. ஞாயிற்றுக்கிழமை அவள் வெறும் தூக்குவாளியோடு ஸ்டாண்டுக்கு வருவாள். எந்த ஜீப்பின் பின்பக்கப் படுதாக் கம்பியில் வாளியை மாட்டுகிறாளோ, அந்த வாரம் அந்தக் கூட்டம் அந்த ஜீப்பில். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. மாட்டிய வாளியை டிரைவரே ஆனாலும் தொடக் கூடாது. ஒச்சம்மாள் கூட்டத்தில் பதினாலு பேர். மூணு வருசமாக அவள் வாளி இருளாண்டி கம்பியில்தான் தொங்கியது. ஆனைக்கால் போட்ட மூணாம் நாள் கூட்டத்தில் ஒருத்தி படியில் கால் எட்டாமல் பாதியில் தொங்கி, சேலை கிழிந்து, அழுதுகொண்டே இறங்கினாள். அன்றைக்கே வாளி அடுத்த ஜீப்பான காசிமின் கம்பிக்குப் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இருளாண்டி வெளியே சொல்ல மாட்டான். ஒச்சம்மாள் வெற்றிலை போட்ட பிறகு விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பை ஜீப்பின் இடது பின் டயரில்தான் துடைப்பாள். மூணு வருசத்தில் பழைய டயரில் சுற்றிலும் கோலப்புள்ளி மாதிரி வெள்ளை வெள்ளையாக விழுந்து கிடந்தது. புது டயரிலும் பழக்க தோசத்தில் விரலைக் கொண்டுபோனாள். "கைய எடு மதினி, இது என்ன விலைன்னு தெரியுமா?" என்று கத்திவிட்டான். அவள் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இருளாண்டிக்கு இன்னும் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. உறுத்தினால் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்கிற வேலை அவன் வாய்க்குப் பழக்கமில்லை. அதற்குப் புளுகத்தான் தெரியும்.

ஆவணி பிறந்தாயிற்று. காயெடுப்பு சூடு பிடிக்கிற நேரம். சூடு பிடித்துவிட்டால் யாரும் ஜீப்பு மாற்ற மாட்டார்கள்; இந்த ஞாயிறு வாளி எங்கே தொங்குகிறதோ அங்கேதான் தை வரைக்கும் தொங்கும். அதுதான் அவன் பத்து மணி வரைக்கும் வாயடைத்து நின்றதன் ரகசியம்.

பத்தரைக்கு ஒச்சம்மாள் வந்தாள். நாலே முக்கால் அடி உயரம், இடுப்பில் வாளி, வாயில் வெற்றிலை. வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் காசிம் தன் ஜீப்பின் கம்பியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். இதைக் கண்டதும் இருளாண்டியின் வாய் தானாகத் திறந்தது.

"மாப்ள காசிமு, மெட்டுக்கு எத்தனை கிலோமீட்டரு?"

"இருவத்தாறு. ஏன், மறந்துபோச்சா மாமா?"

"உனக்கு இருவத்தாறு. எனக்கு இருவது. ஆனைக்கால் போட்டதுலருந்து மீட்டரு இருவதுதான் காட்டுது. ஆறு கிலோமீட்டர என் வண்டி முழுங்கிருச்சு."

தவசி கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, டயரு பெருசானா ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் உருளும். மீட்டருக்கு அது தெரியாது. அது சுத்தத்தான் எண்ணும். ரோடு அதே ரோடுதான்."

"மீட்டரு பொய் சொல்லுமாடா? அது என்ன மனுசனா? இந்தா கேளு. முந்தாநாளு ஆறு மணிக்கு இங்கருந்து கிளம்புனேன். தோட்டத்துல போயி நிக்கிறேன், மணி அஞ்சே முக்கா. மேஸ்திரி போர்வையப் போத்தித் தூங்குறாரு. எழுப்பிவிட்டேன். எதுக்குப்பா இவ்வளவு வெரசா வந்தேங்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? இன்னும் கிளம்பவே இல்ல சாமின்னேன்."

ஸ்டாண்டில் ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினாள். இருளாண்டிக்கு அது போதும். கேட்கிறாள் என்று அர்த்தம்.

"மெட்டுல எத்தனை வளைவு?" என்றான்.

"பதினேழு" என்றான் காசிம்.

"எனக்குப் பதினொண்ணு. முன் சக்கரம் அஞ்சாவது வளைவுல நிக்கிறப்ப பின் சக்கரம் மூணுல நிக்குது. நடுவுல நாலாவது வளைவு என் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, எப்பப்பா எந்திரிக்கலாம்னு கேக்குது."

"மிச்சம் ஆறு வளைவு எங்க போச்சு?"

"டயர்ல இருக்குற காடிப் பள்ளத்துல மாட்டிக்கிச்சு. அது என்ன உன் டயர் மாதிரி மொழுமொழுன்னா இருக்கு? ஒவ்வொரு காடியும் முழங்கை ஆழம். சாயங்காலம் வீட்டுக்குப் போயி ஸ்குரூ டிரைவரால நோண்டுனேன். முதல்ல சரளைக் கல்லு வந்துச்சு. அப்புறம் ஒரு மைல்கல்லு வந்துச்சு, எழுத்தோட. அப்புறம் ஒரு ஆடு, குட்டியோட. அப்புறம் கயித்துக்கட்டிலு. யாருடான்னு பாத்தா செக்போஸ்டுல ராத்திரிக் காவலுக்கு இருக்கானே, அவன் கட்டிலோட தூங்குறான்!"

"எழுப்புனியா?"

"பாவம், டூட்டியில இருக்குற ஆளு. எதுக்கு எழுப்பணும்? மறுநா போறப்ப அதே எடத்துல இறக்கி வச்சிட்டேன்."

காசிம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவனுக்கும் பதினாலு பேர் வேணும். வீட்டில் தங்கச்சி கலியாணம் இருந்தது. சிரித்துக்கொண்டே குத்துகிற ஆள் அவன். "அதெல்லாம் சரி மாமா. நாலு டயரு வாங்குன. அஞ்சாவது வாங்கலயே. ஸ்டெப்னி பழைய சைசுதான? பஞ்சரானா என்ன பண்ணுவ?"

இருளாண்டிக்கு இது நிஜமாகவே உறைத்தது. அஞ்சாவது டயரைப் பற்றி இந்த நிமிசம் வரைக்கும் அவன் யோசித்ததே இல்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"வேணும்னுதான் வாங்கல. போன வியாழன் வலது பின் சக்கரம் பஞ்சரு. பொடி ஸ்டெப்னிய மாட்டுனேன். வண்டி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. ஸ்டியரிங்க விட்டுட்டேன். அதுபாட்டுக்கு வலது பக்கமாவே சுத்துது. மலையச் சுத்திச் சுத்தி, திருகாணி ஏறுற மாதிரி தானா மேல ஏறிருச்சு. ரோடே தேவைப்படல. நான் பின்னால வந்து உக்காந்து கடலை தின்னேன்."

"இறங்குறப்ப?"

"ஸ்டெப்னிய இடது பக்கம் மாத்துனேன். இதுகூடத் தெரியாம என்னத்த வண்டி ஓட்டுற?"

இந்தத் தடவை தவசியே சிரித்துவிட்டான். சிரித்தவனை இருளாண்டி சும்மா விடுவானா? "கேளுங்க இவன்கிட்ட. காத்து அடிச்சது இவன்தான். ஒரு டயருக்கு மூணு நாளு கம்ப்ரசரு ஓடுச்சு."

"மொத்தமே இருவது நிமிசம்ணே."

"உன் கடிகாரம் நின்னுபோச்சுடா! ஊருல இருந்த காத்தெல்லாம் டயருக்குள்ள போயிருச்சு, கடிகாரம் எப்பிடி ஓடும்? மதினி, நீயே சொல்லு. ஆடி மாசம் போடியில காத்தில்லாத நாளு உண்டா? அந்த நாலு டயருக்கும் அடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு இலை அசைஞ்சுச்சா? கொடியில போட்ட சேலை காஞ்சுச்சா?"

ஒச்சம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "காயல" என்றாள். "மழை பேஞ்சுச்சு."

ஸ்டாண்டு குலுங்கியது. இருளாண்டி அசரவில்லை. அசந்தால் பதினாலு பேர் போச்சு.

"மழையா? அது நான் காத்தக் கொஞ்சம் இறக்கிவிட்டதுல வந்த மழை மதினி! வால்வை லேசாத் தொட்டேன். புஸ்ஸுன்னு கிளம்புன காத்து அந்தாண்ட கண்டமனூரு கரண்டு காத்தாடிய எல்லாம் சுத்தவிட்டு, மேகத்தத் தள்ளிக் கொண்டாந்து இங்க கொட்டிருச்சு."

"ஆனை வந்துச்சாமே" என்று காசிம் எடுத்துக்கொடுத்தான். விழுகிறவனுக்கு இன்னும் ஆழமாகக் குழி தோண்டுகிற நல்ல மனசு அவனுக்கு.

"வந்துச்சு. ஒத்தை ஆனை. ஒன்பதாவது வளைவுல, சரியா ரோட்டுக்கு நடுவுல. ஆரன் அடிச்சேன், நகரல. லைட்டப் போட்டேன், நகரல. சரின்னு மேலயே விட்டேன்."

"ஆனை மேலயா?"

"அதுக்கு மேலாக்க. ரெண்டு பக்கமும் ரெண்டு சக்கரம், நடுவுல ஆனை. முதுகுல தூசி படல. அது அண்ணாந்து பாத்துச்சு, என்னடா திடீர்னு நிழலா இருக்கேன்னு. வெயில் நேரம் பாரு, அதுக்கு இதமா இருந்துருக்கு. அன்னையிலருந்து தினம் காத்துக்கிட்டு நிக்குது. நான் வரலேன்னா காட்டிலாகா ஆபீசுல போயி விசாரிக்குதாம்."

இப்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்து கிளாசோடு ரெண்டு பேர் வந்து நின்றார்கள். இருளாண்டி ஓரக்கண்ணால் பார்த்தான். ஒச்சம்மாளின் உதட்டோரம் லேசாக ஆடியது. அவனுக்குத் தைரியம் தலைக்கேறியது.

"இதெல்லாம் விடு மதினி. ஆனைக்கால் மேல உக்காந்தா என்ன தெரியும்னு நினைக்கிற? மெட்டுக்குப் போயிட்டா மேகம் முழங்காலுக்குக் கீழ கிடக்கு. சேலை அடியிலருந்து நனையுது. இந்தப் பக்கம் திரும்புனா ராமேஸ்வரம் கடலு, அந்தப் பக்கம் திரும்புனா கொச்சிக் கடலு. கப்பல்காரன் கைய ஆட்டுறான். அதுக்கும் அங்கிட்டு பாத்தா மணலு. மணலுக்கு நடுவுல ஒரு கட்டடம். கட்டடத்துல மூணாவது மாடி. உன் மகன் செல்வம் நிக்கிறான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒச்சம்மாளின் மகன் மஸ்கட் போய் ஒன்றரை வருசம் ஆகிறது. கம்பி கட்டுகிற வேலை. கடைசியாகப் போன் வந்து இருபது நாள் ஆகிறது என்று ஸ்டாண்டுக்கே தெரியும். காசிம்கூடத் தரையைப் பார்த்தான்.

ஒச்சம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். இருளாண்டியை நேராகப் பார்த்தாள்.

"சாப்பிட்டானா?" என்றாள்.

இப்படிக் கேட்பாள் என்று இருளாண்டி நினைக்கவே இல்லை. "சாப்பிட்டான் மதினி" என்றான், குரலை இறக்கி. "கை கழுவிக்கிட்டு இருந்தான். கொஞ்சம் சதை போட்டுருக்கான். நான் கத்துனேன், ஏ செல்வம், ஆத்தாளுக்குப் போன் பண்ணுடான்னு. இந்தாப் பண்றேன் சித்தப்பா, சம்பள நாளு வரட்டும்னான்."

ஒச்சம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராக ஆனைக்காலை நோக்கி நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. காசிமின் முகம் சுருங்கியது. ஜெயித்துவிட்டோம், வாய் ஜெயித்துவிட்டது என்று இருளாண்டி உள்ளுக்குள் துள்ளினான்.

ஒச்சம்மாள் ஜீப்பின் பின்னால் போய் நின்று, வாளியைத் தூக்கினாள். கம்பிக்கும் வாளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குதிகாலைத் தூக்கினாள். விரல் நுனியில் நின்றாள். படியில் ஏறலாம் என்றால் படி இடுப்புக்கு நேரே இருந்தது. ஒரு எம்பு எம்பினாள். வாளி கம்பியில் 'டங்' என்று இடித்துத் திரும்பி வந்தது.

இருளாண்டி பதறி ஓடினான். "கொடு மதினி, நான் மாட்டுறேன்."

அவள் வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எவ வாளியோ, அவதான மாட்டணும்? மாட்டத்தான் வந்தேன் கொழுந்தா. எட்டல." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிக் காசிமைப் பார்த்தாள். "நாளைக்கு அஞ்சரைக்கு வாரேன். எந்தக் கம்பி எட்டுதோ அதுல மாட்டுறேன்."

வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். காசிம் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டான். இருளாண்டிக்கு அந்த மைல்கல், ஆடு, கட்டில், ஆனை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பழைய டயர்கள் எங்கேயும் போகவில்லை. சக்கரத்தோடு அப்படியே அவன் வீட்டு மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல், காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடந்தன. அன்று மத்தியானம் அவன் ஏணி வைத்து ஏறியதையும், தகரம் வழுக்கி முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியதையும், பெண்டாட்டி கீழே நின்று "அங்கருந்து மஸ்கட் தெரியுதா பாரு" என்று கேட்டதையும் இருளாண்டி பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அவன் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட கதை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை அஞ்சரை. ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. இருளாண்டியின் ஜீப் தன் பழைய உயரத்தில், அறுத்த மட்கார்டு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. காசிம் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, ஆனைக்கால் எங்க?"

"இதான்" என்றான் இருளாண்டி.

"இது பழைய டயருல்ல?"

"பழைய டயரா? நல்லாப் பாரு. ஆனைக்காலேதான். நேத்துச் சாயங்காலம் சும்மா இருக்கமேன்னு ராமேஸ்வரத்துல ஒரு முங்கு, அங்கருந்து காசிக்குப் போயி ஒரு முங்கு, வர்ற வழியில இமயமலையில ஒரு டீ. பொழுது சாயுறதுக்குள்ள வந்துட்டேன். அம்புட்டுத் தூரம் ஓடுனா டயரு தேயாதா? தேஞ்சு தேஞ்சு இந்த சைசுக்கு வந்துருச்சு."

"இரும்புக் கட்டை?"

"அதுவும் தேஞ்சிருச்சு."

காசிம் குனிந்து சக்கரத்தின் இடுக்கிலிருந்து எதையோ எடுத்தான். "காசியில முருங்கை பூத்துருக்கோ? டயரெல்லாம் முருங்கைப்பூவா இருக்கே."

இருளாண்டி பதில் சொல்வதற்குள் ஒச்சம்மாள் வந்துவிட்டாள். பின்னால் பதிமூணு பேர். அவள் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தாள். இருளாண்டி வாயை மூடிக்கொண்டு, ரெண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் இடது பின் டயருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். சுற்றிலும் மங்கலாக வெள்ளைப் புள்ளிகள். அவற்றை விரலால் ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இடையில் ஒரு இடம் காலியாக இருந்தது. விரலில் இருந்த சுண்ணாம்பை அங்கே நிதானமாகத் துடைத்தாள். இருளாண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் நிமிர்ந்து, குதிகாலைக்கூடத் தூக்காமல் வாளியைக் கம்பியில் மாட்டினாள்.

"நல்லாத்தான் தேஞ்சிருக்கு கொழுந்தா" என்றாள். "என் சுண்ணாம்பு தெரியுற வரைக்கும் தேஞ்சிருக்கு."